அழித்த வரிகள் போகுமிடம்

நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் என்ற அமெரிக்க மருத்துவ இதழுக்கு 2000ஆம் ஆண்டு மே 18ஆம் தேதி ஓர் ஆய்வுக் கட்டுரை சமர்ப்பிக்கப்பட்டது. மெர்க் நிறுவனத்தின் ரோஃபெகாக்ஸிப் என்ற மூட்டுவலி மருந்தை, நேப்ராக்சென் என்ற பழைய மருந்தோடு ஒப்பிட்டு 8,076 நோயாளிகளிடம் நடத்திய சோதனை பற்றியது அது. கடையில் அந்தப் புது மருந்துக்கு வையாக்ஸ் என்று பெயர். கட்டுரை அதே ஆண்டு நவம்பரில் வெளியானது. மருந்தும் அமோகமாக விற்றது. மாரடைப்பு அபாயம் உறுதிப்பட்ட பிறகு 2004 செப்டம்பர் 30 அன்று மெர்க் அதைச் சந்தையிலிருந்து திரும்பப் பெற்றுக்கொண்டது. வழக்குகள் குவிந்தன.

அந்த வழக்குகளின் போக்கில், 2000 ஜூலை 5 என்று தேதியிட்ட ஓர் உள்குறிப்பு 2005 இறுதியில் இதழாசிரியர்கள் பார்வைக்கு வந்தது. கட்டுரையில் கணக்கில் வராத மூன்று மாரடைப்புகள் அதில் இருந்தன. கட்டுரையோடு வந்த கணினி வட்டு ஒன்றும் இதழின் வசம் இருந்தது. அதில் இருந்த கோப்பைத் திறந்து திருத்தங்களை ஆராய்ந்தபோது, இதயம் தொடர்பான தரவுகளில் சில, கட்டுரை இதழுக்கு அனுப்பப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு நீக்கப்பட்டிருந்தது தெரிந்தது. இதழ் 2005 டிசம்பரில் அதைப் பகிரங்கமாக எழுதியது. அந்த மூன்று நிகழ்வுகளும் முன்கூட்டியே குறித்த கடைசித் தேதிக்குப் பிந்தியவை, அதனால்தான் சேர்க்கவில்லை என்றது மெர்க். 2007இல் 485 கோடி டாலர் கொடுத்து பெரும்பாலான வழக்குகளைச் சமரசம் செய்துகொள்ள முன்வந்தது.

யார் பக்கம் நியாயம் என்பது மருந்தியல் நூல்களின் விஷயம். நமக்கு இங்கே வேண்டியது அந்த வட்டுதான். நீக்கிய தரவு ஐந்து வருடம் கழித்தும் எப்படிக் கிடைத்தது? நீக்கியதோடு, 'இன்ன நாளில் நீக்கப்பட்டது' என்ற சேதியும் எப்படிச் சேர்ந்து கிடைத்தது?

விடை தேட 1970களின் கலிஃபோர்னியாவுக்குப் போக வேண்டும். ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வு மையத்தில் 1974இல் பட்லர் லாம்ப்சனும் சார்லஸ் சிமோனியும் பிராவோ என்ற எழுத்துச் செயலியை உருவாக்கினார்கள். திரையில் தெரிவது போலவே தாளிலும் அச்சாக வேண்டும் என்று முயன்ற முதல் செயலி அது. அன்றைய கணினியின் நினைவகம் இன்றைய சாதாரண கைபேசிப் படம் ஒன்றுக்குக்கூடப் போதாது. நூறு பக்க ஆவணத்தின் முதல் பக்கத்தில் ஒரு சொல்லைச் சேர்த்தால், அதற்குப் பின்னுள்ள அத்தனை எழுத்தையும் ஒவ்வோர் இடம் தள்ளி எழுத வேண்டும். அந்த நகர்த்தலுக்குள் பயனர் எழுந்து போய்விடுவார். ஜே ஸ்ட்ரோதர் மூர் என்ற கணினி அறிஞரின் யோசனை ஒன்று இதற்குக் கைகொடுத்தது. ஆங்கிலத்தில் பீஸ் டேபிள் என்பார்கள். துண்டு அட்டவணை என்று வைத்துக்கொள்வோம்.

அதன் தந்திரம் இது. மூல எழுத்தைத் தொடவே கூடாது. புதிதாகத் தட்டுவதெல்லாம் தனியாக ஓர் இடத்தில் வரிசையாகச் சேரும். ஆவணம் என்று நாம் திரையில் பார்ப்பது இவ்விரண்டிலிருந்தும் எந்தெந்தத் துண்டை எந்த வரிசையில் காட்ட வேண்டும் என்ற ஒரு பட்டியல், அவ்வளவுதான். 'விலை இரண்டு லட்சம், கெஞ்சினால் ஒன்றரைக்குக் கொடுக்கலாம்' என்று எழுதிவிட்டுப் பிற்பாதியை அழிக்கிறீர்கள். அழிந்தது பட்டியலில் உள்ள ஒரு வரி. 'கெஞ்சினால் ஒன்றரைக்கு' என்ற எழுத்துகள் வைத்த இடத்திலேயே இருக்கின்றன. காட்டச் சொல்லி இப்போது யாரும் கேட்பதில்லை. நிலம் கைமாறும்போது பத்திரப் பதிவு அலுவலகத்தில் பழைய பத்திரத்தைக் கிழித்துப் போடுவதில்லை, புதிய பதிவைத்தான் சேர்க்கிறார்கள். வில்லங்கச் சான்று போட்டுப் பார்த்தால் பழைய கதையெல்லாம் வந்துவிடும். ஏறக்குறைய அந்த ஏற்பாடுதான் இது. இதில் இன்னொரு லாபமும் உண்டு. அழித்ததை மீட்க வேண்டுமென்றால் பட்டியலின் பழைய வரியைத் திரும்பப் போட்டால் போதும். நாம் நாள்தோறும் நூறு தடவை அழுத்தும் அன்டூ இவ்வளவு மலிவாகக் கிடைப்பதற்கு இத்தகைய அமைப்புகளே காரணம்.

சிமோனி 1981இல் மைக்ரோசாஃப்டுக்குப் போனார். 1983இல் வேர்டு வெளிவந்தது. துண்டு அட்டவணையும் அவரோடு கூடவே போனது. நினைவகத்துக்குள் இருக்கும்வரை இதனால் ஒரு கெடுதலும் இல்லை. கணினியை அணைத்தால் போய்விடும். வேர்டில் ஃபாஸ்ட் சேவ் என்று ஒரு வசதி வந்தபோதுதான் விவகாரம் தொடங்கியது. ஃபிளாப்பியில் ஒரு நீண்ட கோப்பை முழுதாக எழுதுவது எருமை வேகத்தில் நடந்த காலம். ஆகவே முழுக் கோப்பையும் திரும்ப எழுதாமல், மாற்றங்களை மட்டும் கோப்பின் வாலில் ஒட்டிவிட்டு, புதுப் பட்டியலை எழுதிவைத்தார்கள். சேமிப்பு நொடியில் முடிந்தது. நினைவகத்தில் இருந்த பழைய துண்டுகள் வட்டில் குடியேறின. வட்டிலிருந்து அடுத்தவர் மேசைக்கும் போயின. இதைப் பிழை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மெதுவான வட்டுக்கு அது சரியான விடை. கோப்புகள் அலுவலகத்தை விட்டு வெளியே போகும் காலம் வரும் என்பதை யாரும் அப்போது கணக்கில் எடுக்கவில்லை. பிற்காலப் பதிப்புகளில் மைக்ரோசாஃப்ட் அந்த வசதியையே தூக்கிவிட்டது.

எவ்வளவு கசிந்தது என்று அளந்து பார்த்தவர் ஏடி அண்ட் டி ஆய்வகத்தைச் சேர்ந்த சைமன் பயர்ஸ். 2003இல் இணையத்திலிருந்து சுமார் ஒரு லட்சம் வேர்டு கோப்புகளைத் திரட்டி, திரையில் தெரியாத சொற்கள் ஒவ்வொன்றிலும் எத்தனை என்று எண்ணினார். பாதிக் கோப்புகளில் ஐம்பது சொல் வரையிலும், மூன்றில் ஒரு பங்கில் ஐந்நூறு சொல் வரையிலும், பத்தில் ஒன்றில் அதற்கும் மேலும் மறைந்து கிடந்தன. இத்தனையும் வெளியிட்டவர்கள் தாங்களே விரும்பிப் பொதுவில் வைத்தவை.

அதே 2003 பிப்ரவரியில் பிரிட்டன் பிரதமர் அலுவலகம் இராக்கைப் பற்றி ஓர் அறிக்கையை வெளியிட்டது. பிப்ரவரி 5 அன்று ஐ.நா. பாதுகாப்பு அவையில் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் அதைப் புகழ்ந்தார். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக விரிவுரையாளர் கிளென் ரங்வாலா, அதன் பெரும்பகுதி இப்ராஹிம் அல்-மராஷி என்ற ஆய்வாளரின் கட்டுரையிலிருந்து எடுக்கப்பட்டது என்று கண்டுபிடித்தார். எழுத்துப் பிழைகள்கூட அப்படியே வந்திருந்தன. இது வரிகளை ஒப்பிட்டுப் பிடித்த திருட்டு. அறிக்கை வேர்டு கோப்பாகவே இணையத்தில் ஏற்றப்பட்டிருந்ததால் இரண்டாவதாக ஒரு சங்கடமும் சேர்ந்துகொண்டது. அன்றைய வேர்டு, கடைசிப் பத்து முறை கோப்பைச் சேமித்தவர்களின் பயனர் பெயரையும் எந்த இடத்தில் சேமித்தார்கள் என்பதையும் கோப்புக்குள்ளேயே குறித்து வைத்தது. ரிச்சர்ட் ஸ்மித் என்ற அமெரிக்க அந்தரங்கக் காப்பு ஆய்வாளர் அந்தப் பத்து வரிகளைப் பிரித்தெடுத்து வெளியிட்டார். அரசு ஊழியர்களின் பெயர்கள், தானியங்கி மீட்புப் பிரதிகள், ஒரு கட்டத்தில் கோப்பு ஃபிளாப்பிக்கு நகர்ந்ததைக் காட்டும் 'ஏ' டிரைவின் முகவரி, எல்லாம் இருந்தன. அந்தப் பெயர்கள் யாருடையவை என்று அந்த ஆண்டு ஜூனில் நாடாளுமன்ற வெளியுறவுக் குழுவிடம் அரசு விளக்க வேண்டி வந்தது. பிறகு அந்த அலுவலகம் இத்தகைய ஆவணங்களை பிடிஎஃப் வடிவில் வெளியிடத் தொடங்கியது. அதுவும் முழுப் பாதுகாப்பு ஆகாது, பின்னால் வருகிறேன்.

இதுவரை சொன்னவை எழுதியவருக்கே தெரியாமல் கோப்பு சேர்த்துவைத்த சங்கதிகள். டிராக் சேஞ்சஸ் என்ற திருத்தப் பதிவு வேறு ரகம். அது நாமாக இயக்குவது. இயக்கிய பிறகு நீக்கிய சொல் சிவப்புக் கோட்டோடு நிற்கும், சேர்த்த சொல் அடிக்கோடு பெறும், ஓரத்தில் யார் எப்போது என்று இருக்கும். ஒப்பந்தம் எழுதுகிறவர்களுக்கு இது இல்லாமல் வேலை ஓடாது. ஆபத்து அதன் காட்சி அமைப்பில் இருக்கிறது. நோ மார்க்அப் என்று ஒரு காட்சி முறை உண்டு. அதைத் தேர்ந்தால் சிவப்பெல்லாம் மறைந்து சுத்தமான பிரதி கண்முன் நிற்கும். கோப்பில் ஒரு புள்ளிகூட மாறியிருக்காது. பெறுபவர் தன் கணினியில் காட்சி முறையை மாற்றினால் போதும்.

2005 அக்டோபர் 20 அன்று நியூயார்க்கில் இதுதான் நடந்தது. லெபனான் முன்னாள் பிரதமர் ரஃபீக் ஹரீரி கொலையை விசாரித்த ஜெர்மானிய வழக்குரைஞர் டெட்லெவ் மெலிஸ் தன் அறிக்கையை ஐ.நா. பொதுச் செயலர் கோஃபி அன்னானிடம் கொடுத்தார். பொதுவில் வந்த வாசகத்தில், ஒரு சாட்சி சொன்ன சதி ஆலோசனையில் 'மூத்த லெபனான், சிரியா அதிகாரிகள்' கலந்துகொண்டதாக இருந்தது. பத்திரிகையாளர்கள் கைக்கு வந்த வேர்டு கோப்பில் திருத்தப் பதிவு உயிரோடு இருந்தது. அங்கே பெயர்கள் இருந்தன: சிரியா அதிபரின் தம்பி, மைத்துனர், இன்னும் சிலர். அழித்த நேரமும் இருந்தது; அறிக்கை அன்னானிடம் போன அதே நாள். ஐ.நா. தலைமை வாசகத்தை வெட்டியதா என்ற கேள்வி உடனே எழுந்தது. அறிக்கை பொதுவில் போகும் என்று தெரிந்ததும், குற்றம் நிரூபணமாகாத ஒருவர் மீது பழி விழக் கூடாது என்று தானே நீக்கியதாக மெலிஸ் விளக்கினார். அவர் சொன்னது நியாயமான காரணம். ஆனால் யாரைக் காப்பாற்ற அந்த நீக்கம் நடந்ததோ, அவர்கள் பெயரே மறுநாள் உலகெங்கும் தலைப்பில் ஓடியது.

வணிக உலகத்து உதாரணம் ஒன்று. எஸ்சிஓ என்ற அமெரிக்க மென்பொருள் நிறுவனம் 2004 மார்ச்சில் டைம்லர்கிரைஸ்லர் மீது வழக்குத் தொடர்ந்தது. வழக்கு மனுவின் வேர்டு கோப்பு செய்தியாளர்களுக்குக் கிடைத்தது. மறைந்திருந்த வாசகத்தின்படி, பிப்ரவரி 18 வரை அந்த மனுவில் எதிர்வாதி பேங்க் ஆஃப் அமெரிக்கா! யார் மீது வழக்குப் போடுவது என்று அந்த நிறுவனம் தனக்குள் யோசித்தது முழுக்க எதிராளி படிக்கக் கிடைத்தது.

இன்றைய வேர்டு கோப்பு வேறு மாதிரியானது. டாக்எக்ஸ் என்பது உண்மையில் ஒரு ஜிப் பொட்டலம். பெயரின் கடைசியில் ஜிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே எக்ஸ்எம்எல் கோப்புகள் வரிசையாக இருக்கும். முதன்மை வாசகத்தில் ஒவ்வொரு நீக்கமும் 'டெல்' என்ற குறியீட்டுக்குள், எழுதியவர் பெயரோடும் தேதி, மணி, நிமிடத்தோடும் கிடக்கும். கருத்துரைகள் தனிக் கோப்பில். வேறு இரண்டு கோப்புகளில் ஆவணத்தை முதலில் உருவாக்கியவர், கடைசியாகச் சேமித்தவர், நிறுவனத்தின் பெயர், மொத்தம் எத்தனை நிமிடம் திறந்து வேலை பார்த்தோம் என்ற கணக்கு. நாற்பது மணி நேர உழைப்புக்கு பில் போட்ட ஆலோசகர் இந்த நிமிடக் கணக்கை ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பழைய வாடிக்கையாளருக்குத் தயாரித்த விலைப்புள்ளியைத் திறந்து, பெயரை மாற்றி, புதியவருக்கு அனுப்புவது எங்கும் உள்ள பழக்கம். அங்கே ஆவணத் தலைப்பு என்ற புலத்தில் பழையவர் பெயர் அப்படியே உட்கார்ந்திருக்கும்.

இவற்றைவிட நுட்பமான தடம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு முறை திறந்து திருத்திச் சேமிக்கும் அமர்வுக்கும் வேர்டு ஒரு தற்செயல் எண்ணைக் கொடுத்து, அந்த அமர்வில் சேர்ந்த பத்திகளிலும் சொற்களிலும் அதைப் பொறிக்கிறது. இரு பிரதிகளை ஒப்பிட்டு இணைப்பதற்கான ஏற்பாடு இது. யார் என்றோ எப்போது என்றோ இந்த எண் சொல்லாது. ஆனால் இரண்டு ஆவணங்களில் ஒரே எண்கள் தென்பட்டால், இரண்டும் ஒரே மூலத்திலிருந்து பிறந்தவை என்று தடயவியலார் ஊகிக்கலாம். பாதுகாப்பு அமைப்புகளில் இதை அணைக்க வழியுண்டு.

எழுத்தோடு நின்றால் பரவாயில்லை. எக்செல் வரைபடம் ஒன்றை அறிக்கையில் ஒட்டினால், ஒட்டும் முறையைப் பொறுத்து அதன் பின்னாலுள்ள முழு விரிதாளும் கூடவே வந்துவிடும். வரைபடத்தை இருமுறை சொடுக்கினால் அடக்க விலை முதல் எல்லாம் விரியும். வெட்டிச் சுருக்கிய படத்தின் வெட்டிய பகுதி கோப்பிலேயே இருக்கும். 2023 ஆகஸ்ட் 8 அன்று வட அயர்லாந்து காவல்துறை ஒரு தகவல் அறியும் விண்ணப்பத்துக்கு விரிதாள் ஒன்றைப் பதிலாக அனுப்பியது. மறைத்து வைத்திருந்த ஒரு தாளில் 9,483 அதிகாரிகள், ஊழியர்களின் பெயர் விவரங்கள் இருந்தன. போலீஸ்காரர் என்று அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தாலே உயிருக்கு ஆபத்தான ஊர் அது. தகவல் ஆணையர் அலுவலகம் பின்னர் ஏழரை லட்சம் பவுண்டு அபராதம் விதித்தது.

'பிடிஎஃப் ஆக்கி அனுப்பிவிட்டேன், இனிக் கவலையில்லை' என்பவர்கள் அதிகம். பாதி சரி. வேர்டிலிருந்து புதிதாக பிடிஎஃப் உருவாக்கும்போது நோ மார்க்அப் காட்சியில் தெரியாத நீக்கங்கள் வாசகத்தில் வராது. ஆனால் பிடிஎஃபுக்கும் வால் உண்டு. ஏற்கெனவே உள்ள பிடிஎஃபைத் திருத்திச் சேமிக்கும்போது, பல செயலிகள் பழையதை விட்டுவிட்டு மாற்றங்களைக் கடைசியில் சேர்த்து, புதிய அட்டவணை ஒன்றையும் எழுதுகின்றன. ஃபாஸ்ட் சேவின் தம்பி! கோப்பு முடிந்தது என்று சொல்லும் குறி இப்படி ஒரே கோப்பில் இரண்டு மூன்று முறை வரலாம். முதல் குறியோடு கோப்பை வெட்டினால் முதல் வடிவம் முழுதாகத் திறக்கும். மின்கையொப்பமிட்ட ஆவணத்தில் கையொப்பத்துக்குப் பின் என்ன மாறியது என்று காட்டுவதற்கு இந்த அமைப்பு அவசியம் என்பதால் இதை ஒழிக்கவும் முடியாது.

கறுப்புப் பட்டை போட்டு மறைப்பது இன்னும் மோசம். பாக்தாதில் அமெரிக்கப் படையினரின் துப்பாக்கிச் சூட்டில் இத்தாலிய உளவு அதிகாரி நிகோலா காலிபாரி 2005 மார்ச்சில் இறந்தார். அதுபற்றிய அமெரிக்க ராணுவ அறிக்கை சில வாரங்களில் கறுப்புப் பட்டைகளோடு வெளியானது. வாசகர்கள் பட்டைக்கு மேல் சுட்டியை இழுத்து நகலெடுத்து வேறிடத்தில் ஒட்டினார்கள், எழுத்து வந்தது. அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை, மறைக்க வேண்டியதை மூடாதே, நீக்கு என்று வழிகாட்டி எழுதியது. 2021 ஜனவரி 29 அன்று ஐரோப்பிய ஆணையம் அஸ்ட்ராஜெனெகா தடுப்பூசி ஒப்பந்தத்தை வெளியிட்டபோது பட்டைகள் ஒழுங்காகத்தான் இருந்தன. பிடிஎஃபின் பக்கவாட்டுப் புத்தகக்குறிகளில் மறைத்த வரிகள் சில தங்கிவிட்டன. 87 கோடி யூரோ என்ற தொகை அப்படித்தான் வெளியே வந்தது.

என்ன செய்வது? எல்லாக் கதையிலும் கோப்பு ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறது. அது சேர்த்துக்கொள்ளப் பழகிய வடிவம். அதை அடித்துத் துவைப்பதைவிட, வேண்டியதை மட்டும் வைத்துப் புதிதாக ஒன்றை உருவாக்கித் தருவது மேல். நடைமுறையில் மூலத்தை அப்படியே ஓரமாக வைத்துவிட்டு, வேறு பெயரில் பிரதி எடுத்து, அந்தப் பிரதியில் வேலை பார்க்க வேண்டும். திருத்தப் பதிவை முதலில் நிறுத்த வேண்டும். நிறுத்தாமல் சுத்தம் செய்தால் சுத்தம் செய்ததும் பதிவாகும். பிறகு எல்லாத் திருத்தங்களையும் ஏற்பது, கருத்துரைகளை நீக்குவது, ஃபைல் பட்டியலில் இன்ஃபோ பகுதியிலுள்ள இன்ஸ்பெக்ட் டாக்குமென்டை ஓட்டுவது. ஒவ்வொரு திருத்தத்தையும் படித்துப் பார்த்து ஏற்பதே உசிதம். மொத்தமாக ஏற்றால், எதிர்த்தரப்பு ஓசைப்படாமல் நுழைத்த நிபந்தனைக்கும் நீங்களே ஒப்புதல் கொடுத்ததாகிவிடும். பெறுபவர் திருத்தப்போவதில்லை என்றால், கடைசியில் அந்தச் சுத்தப் பிரதியிலிருந்து புதிய பிடிஎஃப் ஒன்று. லிப்ரஆஃபிஸில் பழைய பதிப்புகளைக் கோப்புக்குள்ளேயே அடுக்கிவைக்கும் வெர்ஷன்ஸ் வசதி தனியாக இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். கூகுள் டாக்ஸில் திருத்தும் உரிமை பெற்ற எவரும் முழு வரலாற்றையும் பின்னோக்கி ஓட்டிப் பார்க்கலாம். அங்கே இணைப்பைப் பகிர்வதற்கு முன் மேக் எ காப்பி கொடுத்தால் வரலாறு இல்லாத புதுக்கோப்பு கிடைக்கும்.

மூலத்தை வைத்துக்கொள்ளச் சொன்னதற்குக் காரணம் உண்டு. வாடிக்கையாளருக்குப் போகும் பிரதியிலிருந்து தடத்தை நீக்குவது அடக்கம். வழக்கு வரும் என்று தெரிந்த பிறகு மூலத்திலிருந்தே நீக்குவது சாட்சியத்தை அழிப்பது. வையாக்ஸ் வட்டை யாராவது முன்கூட்டியே துடைத்திருந்தால் இதழாசிரியர்களுக்கு அந்த இரண்டு நாள் கணக்கு கிடைத்திருக்காது. பெறுபவர் தோண்டலாமா என்பதில் அமெரிக்க வக்கீல்களுக்குள்ளேயே உடன்பாடில்லை. எதிர்த்தரப்பு அனுப்பிய கோப்பின் மறைதகவலைத் தோண்டுவது தொழில் தர்மமல்ல என்றது நியூயார்க் மாநில வழக்கறிஞர் சங்கம், 2001இல். அமெரிக்க வழக்கறிஞர் சங்கம் 2006இல் கொடுத்த கருத்துரை, பார்ப்பதில் தடையில்லை, அனுப்புகிறவர்தான் கவனமாக இருக்க வேண்டும் என்கிறது. எனக்கு இரண்டாவதுதான் நடைமுறைக்கு ஒத்ததாகப் படுகிறது. சில சமயம் தோண்டாமலே, ஒரு சொடுக்கில் தானாக வந்து நிற்கிறதே!

கடைசிச் சோதனை, அனுப்பப்போகும் கோப்பில் நீங்கள் நீக்கிய ஒரு சொல்லைத் தேடிப் பார்ப்பது. தமிழில் எழுதுகிறவர்கள் இங்கே ஏமாறக் கூடும். டாக்எக்ஸின் உள்ளே அமர்வு எண்கள் ஒரு சொல்லையே நடுவில் பிளந்து வைத்திருக்கும். எக்ஸ்எம்எல்லில் முழுச் சொல்லைத் தேடினால் அகப்படாது. பிடிஎஃபில் கொம்பும் காலும் இடம் மாறிப் பதிவாகியிருக்கும். கண்ணுக்குத் தெரியும் சொல்லைக்கூடத் தேடுபெட்டி இல்லை என்று சொல்லும். பாமினி போன்ற, யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருக்களில் தட்டச்சான ஆவணமென்றால் உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் கோவைதான். யூனிகோடில் தேடிவிட்டு 'பூஜ்யம்' என்ற முடிவைப் பார்த்து நிம்மதி அடையக் கூடாது. சொல்லின் ஒரு துண்டைத் தேட வேண்டும், பிடிஎஃபின் முழு வாசகத்தையும் நகலெடுத்து வெற்றுக் கோப்பில் ஒட்டிக் கண்ணால் படிக்க வேண்டும், பாமினியில் அடித்த பெயரை பாமினி விசைகளிலேயே அடித்துத் தேட வேண்டும்.